நத்தாருக்கு அறுபத்து நான்கு விரிப்புகள்

பெட்ரோல் நிலையம் ஒன்றில் கவுண்டருக்குப் பின்னால் நான் நின்றது பத்தொன்பது வருடங்கள். அந்தப் பத்தொன்பது வருடங்களிலும் கொம்பனி எனக்கு நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மஸுக்கு, பரிசு தரத் தவறவில்லை. எட்டு முறை பிஸ்கட் டின். ஐந்து முறை கொம்பனியின் பெயர் பொறித்த தேநீர்க் கோப்பை. நான்கு முறை நாட்குறிப்பு, அதுவும் ஜனவரி பிறந்து பத்து நாள் கழித்து. ஒரு முறை சாக்லேட். ஆகப் பதினெட்டு. மிச்சம் ஒன்று, ஒரு ஸ்டூல்.

அதைத் தந்தவர் ஒன்றரை வருடம் மட்டுமே எங்களுக்கு மனேஜராக இருந்த ஒரு வெள்ளைக்காரப் பெண். நத்தாருக்கு முந்திய கிழமை அந்த உயரமான ஸ்டூலைத் தன் காரின் பின் சீற்றில் படுக்கவைத்துக் கொண்டுவந்தார். கவுண்டருக்குப் பின்னால் நிறுத்தினார். தாள் சுற்றவில்லை, ரிப்பன் கட்டவில்லை. ஆட்கள் இல்லாத நேரத்தில் இதில் இருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். மற்றப் பதினெட்டும் எங்கே போயின என்று எனக்குத் தெரியாது. அந்த ஸ்டூலில் நான் ஏழு வருடம் இருந்தேன்.

ஆகவே ஒரு நிறுவனம் நத்தாருக்கு என்ன கொடுக்க வேண்டும் என்ற விடயத்தில் என்னோடு வாதாடி வெல்வது கடினம். இரண்டு வருடங்களுக்கு முன் இதை நடைமுறையில் காட்டும் பொறுப்பு எனக்கு வந்தது. அது வந்த வழி சற்று விசித்திரமானது.

என் மருமகன் ஜேர்மனியில் வளர்ந்தவர். முப்பது வயதில் லண்டனுக்கு வந்து, நோர்பரியில் ரயில் பாதையோரம் சாமான் வைக்க ஒரு ஸ்டோரை வாடகைக்கு எடுத்து, கடைகளுக்குப் பைகளும் பெட்டிகளும் விநியோகிக்கும் தொழிலைத் தொடங்கினார். சோறு கட்டிக் கொடுக்கும் பெட்டி, கொத்துரொட்டிக்கு அலுமினியத் தட்டு, கடையின் பெயர் அச்சடித்த பை, ரசீதுத் தாள் சுருள். என் மகள் அலுவலக வேலைகளைப் பார்க்கிறாள். அவர்களிடம் வேலை செய்பவர்கள் ஆறு பேர். வாடிக்கையாளர்கள் நாற்பத்தொரு பேர். கொம்பனிக்குத் தன் குடும்பக் கோயில் சாமியின் பெயரை வைத்திருக்கிறார். இது நம்மவர்களுக்கு வழக்கம்தான். டூட்டிங் பெரிய தெருவில் நான் ஒருமுறை நடந்துகொண்டே எண்ணியபோது பதினொரு கடைகளுக்குச் சாமி பெயர் இருந்தது.

ஒவ்வொரு நத்தாருக்கும் மகள் வீட்டில் பலகாரம் செய்து பெட்டிகளில் அடுக்கி வாடிக்கையாளர்களுக்கு அனுப்புவாள். அந்த வருடம் நவம்பர்க் கடைசியில் மருமகனின் பெரியப்பா ஜேர்மனியில் காலமானார். தகப்பன் வழிச் சொந்தம். முப்பத்தொரு நாள் துடக்கு, சாவுத் தீட்டு. நான் முன்னிருந்து ஒருமுறையும் பின்னிருந்து ஒருமுறையும் எண்ணிப் பார்த்தேன். எப்படி எண்ணினாலும் முப்பத்தோராம் நாள் நத்தாருக்கு அடுத்த நாள்தான் வந்தது. துடக்கு வீட்டிலிருந்து பலகாரம் போக முடியாது. போனாலும் நம்மவர்கள் வாயில் வைக்க மாட்டார்கள்.

ஒரு சனிக்கிழமை நான் ஸ்டோருக்குப் போனபோது மருமகன் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"மாமா, எனக்குத் துடக்கு. உங்கடை மகளுக்கும் துடக்கு. உங்களுக்கு இல்லைத்தானே?"

"எனக்கு என்னெண்டு வரும்? நான் பெண்ணைக் குடுத்தவன்."

"அப்ப இந்த முறை பரிசு எல்லாம் உங்கடை பொறுப்பு. தெரிவு செய்யிறதும் நீங்கள், கொண்டுபோய்க் குடுக்கிறதும் நீங்கள்."

கணினிக்குப் பின்னாலிருந்து மகள் தலையை நீட்டினாள். "அப்பா நாப்பத்தொரு பேரையும் எண்ணி முடிக்கச் சித்திரை வரியப்பிறப்பும் வந்திடும்."

எனக்கு எழுபத்தாறு வயது. ஊரில் புள்ளிவிபரத் திணைக்களத்தில் வேலை பார்த்தவன். எண்ணுவதை யாரும் கேலி செய்தால் நான் பதில் சொல்வதில்லை.

பிறகு மருமகன் குரலைத் தாழ்த்தி உண்மையான விடயத்தைச் சொன்னார். எங்கள் வாடிக்கையாளர்களில் பெரியவர் கிழக்கு லண்டனில் மனோர் பார்க் பக்கத்தில் ஏழு பலசரக்குக் கடைகள் வைத்திருக்கும் ஒரு முதலாளி. அவருடைய ஏழு கடைகளுக்கும் பை அச்சடித்துக் கொடுப்பது நாங்கள்தான். அவருக்கு வேறொரு கொம்பனி வலை வீசிக்கொண்டிருந்தது. யாரோடு தொடர்வது என்று தை மாதத்தில், அதாவது ஜனவரியில், சொல்வதாக அவர் சொல்லியிருந்தார். அந்த ஏழு கடைகளும் போனால் கிழக்கு லண்டனுக்கு எங்கள் சாமான் ஏற்றும் வான் போக வேண்டிய தேவை இல்லை. வான் நின்றால் அதை ஓட்டுபவருக்கு வேலை இல்லை.

அந்தச் சாரதிக்கு அப்போது ஐம்பத்தேழு வயது. பாரிசில் பதின்மூன்று வருடம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். ஒன்பது வருடமாக அந்த வான்தான் அவருக்கு எல்லாம். மருமகன் இதை எனக்கு மட்டும் சொல்வதாக நினைத்தார். ஆனால் நான் வெளியே வந்தபோது சாரதி வானின் பின்கதவில் சாய்ந்து நின்று என் முகத்தைப் பார்த்தார்.

"கிழக்குப் பக்கம் போகப் போகுதோ ஐயா?"

"ஆர் சொன்னது?"

"ஒருத்தரும் சொல்லேல்லை. ரெண்டு கிழமையா உங்கடை மருமகன் என்னோடை மரியாதையாக் கதைக்கிறார். அதுதான் கேட்டனான்."

நான் அவருக்குப் பொய் சொல்லவில்லை. தை மாதம்தான் தெரியும் என்றேன். அவர் தலையாட்டிவிட்டு வானின் கதவைச் சாத்தினார்.

பரிசு ஒன்றைத் தெரிவு செய்வதற்கு, அதைப் பெறப்போகிறவர் வேலை செய்யும் இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். கணினியில் படங்களைப் பார்த்துத் தெரிவு செய்கிறவர்கள் கோப்பையில் போய் முடிப்பார்கள். திங்கட்கிழமை என் இலவசப் பயண அட்டை செல்லுபடியாகும் ஒன்பது மணிக்கு டூட்டிங்கில் நோர்தேர்ன் லைன் ரயில் ஏறினேன். மூர்கேட் பதின்மூன்றாவது நிறுத்தம். அங்கிருந்து எலிசபெத் லைனில் மனோர் பார்க் ஐந்தாவது. யாருக்கும் அறிவிக்கவில்லை. ஒவ்வொரு கடையிலும் ஒரு கட்டுக் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு கவுண்டர்களையும் ஆட்களையும் எண்ணினேன். இரண்டு நாளில் ஏழு கடைகளும் முடிந்தன. இருபத்து மூன்று கவுண்டர்கள். ஏழு கட்டுக் கறிவேப்பிலை.

முதலாளியின் முதற்கடையில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கவுண்டரில் நின்றாள். கடையின் கதவு எந்நேரமும் திறந்தபடி. நான் பருப்பு வகைகளைப் பார்ப்பதுபோல நின்று பத்து நிமிடம் அவளைக் கவனித்தேன். இருபத்தாறு தடவை கால் மாற்றி நின்றாள். வலது காலில் பாரத்தைப் போடுவாள், பிறகு இடது காலில், பிறகு கவுண்டரில் இடுப்பைச் சாய்ப்பாள். அந்த நிலைகள் ஒவ்வொன்றும் எனக்குத் தெரியும். ஸ்டூல் வருவதற்கு முன் என் கால்களும் அதையே செய்தன. எட்டிப் பார்த்தேன். அவள் காலடியில் ஒரு வாழைப்பழ அட்டைப் பெட்டியை வெட்டி விரித்துப் போட்டிருந்தாள். தரை முழுதும் ஓடு பதித்தது. குளிர் ஏறாமலிருக்க அந்த மட்டையின் மேல் நின்றாள்.

மற்றக் கடைகளில் தேடிப் பார்த்தேன். பதினாறு கவுண்டர்களில் மட்டை இருந்தது. அதற்குமேல் யோசிக்க ஒன்றுமில்லை. நீண்ட நேரம் நின்று வேலை செய்பவர்களுக்கென்று தடித்த ரப்பர் விரிப்பு இருக்கிறது. தொழிற்சாலைகளில் போடுவார்கள். மூன்று அடி நீளம், இரண்டு அடி அகலம், முக்கால் அங்குலத் தடிப்பு. சாப்பாட்டுக் கடையிலும் ஆள் நிற்கிறது, கோப்பிக் கடையிலும் ஆள் நிற்கிறது. ஏழு கடைகளுக்கு இருபத்து மூன்று, மற்ற நாற்பது வாடிக்கையாளர்களுக்கும் ஒவ்வொன்று, கையிருப்பாக ஒன்று. அறுபத்து நான்கு.

மருமகன் முதலில் முகத்தைச் சுளித்தார். "மாமா, காலுக்குக் கீழை போடுற சாமானை ஆரும் நத்தாருக்குக் குடுப்பினமோ?"

"வைன் போத்திலைக் குடுத்தால் முதலாளி வீட்டை கொண்டுபோவார். இது கடையிலை கிடக்கும். ஒவ்வொரு நாளும் ஆரோ ஒராள் ஏறி நிக்கும்."

"முதலாளிதானே மாமா முடிவெடுக்கிறது."

"முதலாளியின்ரை காதுக்குப் பக்கத்திலை நிண்டு கதைக்கிறது ஆர்? அந்தக் கவுண்டர்ப் பிள்ளையள்தான்."

ஒன்று என்ன விலை என்று அவர் கேட்டார்.

விரிப்புகளை நான்தான் ஓடர் செய்தேன். விற்பவர்களின் படிவத்தில், நிறுவனத்தின் பெயரை இலவசமாக அச்சிட்டுத் தருவோம், வேண்டுமா என்று ஒரு கேள்வி இருந்தது. இலவசம் என்றால் ஏன் விடுவது என்று ஆம் போட்டேன். மாதிரிப் படம் வந்தது. எழுத்துக்களை எண்ணினேன், சரி. தொலைபேசி இலக்கம் பதினொன்று, சரி. எழுத்தின் உயரம் நான்கு அங்குலம், வெள்ளை நிறம், நீளப் பக்கத்து விளிம்போரம். மகளுக்குக் காட்டினேன். மருமகனுக்குக் காட்டினேன். மூன்று பேர், ஆறு கண்கள். எல்லோரும் நல்லது என்றோம்.

நத்தாருக்கு ஒன்பது நாள் இருக்கும்போது விரிப்புகள் ஸ்டோருக்கு வந்தன. நான் கையிருப்புக்கென்று வைத்த ஒன்றை எடுத்து நிலத்தில் விரித்தேன். நல்ல சரக்கு. அழுத்தினால் கை உள்ளே போய்த் திரும்பி வந்தது. சாரதி பக்கத்தில் நின்றார்.

"தம்பி, ஏறி நிண்டு பாரும்," என்றேன்.

அவர் ஏறவில்லை. சப்பாத்தைக் கழற்றினார். பிறகும் ஏறவில்லை. சப்பாத்தைக் கையில் வைத்துக்கொண்டு விரிப்பைச் சுற்றி ஒருதரம் நடந்தார்.

"என்ன?"

"ஐயா, இதுக்கு மேலை நான் எப்பிடி ஏறி நிக்கிறது?"

"ஏன், பாரம் தாங்கும்."

"பாரத்தைச் சொல்லேல்லை ஐயா. சாமி பேர் கிடக்கு."

நான் குனிந்து பார்த்தேன். நான்கு அங்குல உயரத்தில், தெளிவாக, ஒரு பிழையும் இல்லாமல் கிடந்தது. நான் அதை எழுத்தெழுத்தாக எண்ணியவன். வாசிக்கவில்லை. கொம்பனியின் பெயர் என்று மட்டும் பார்த்திருக்கிறேன். வருடக்கணக்காக வானிலும் கதவிலும் கடிதத்திலும் பார்த்துப் பார்த்து, அது ஒரு சாமியின் பெயர் என்பது எங்கள் மூன்று பேருக்குமே மறந்து போயிருந்தது. அறுபத்து மூன்று பேரைச் சாமியின் பெயர் மேல் ஏறி மிதிக்கச் சொல்லி, அதற்கு நத்தார் வாழ்த்தும் சொல்லப் போயிருக்கிறோம். பரிசைப் பெறப்போகிறவர்களில் ஒருவர் காலையில் கோயிலுக்குப் போகாமல் கடை திறக்காத மனோர் பார்க் முதலாளி.

மருமகன் வந்து பார்த்தார். ஜேர்மன் மொழியில் ஒரு சொல் சொன்னார். எனக்கு விளங்கவில்லை, விளங்காதது நல்லது.

விற்றவர்களுக்கு மகள் தொலைபேசி எடுத்தாள். புதிதாகச் செய்து தர மூன்று கிழமை வேண்டுமாம். மருமகன் கறுப்புப் பெயின்ற் அடித்து எழுத்தை மறைக்கலாம் என்றார்.

"சாமிக்குக் கறுப்பு அடிக்கிறதோ?" என்றார் சாரதி.

"அப்ப திருப்பிப் போடுவம்."

"திருப்பினால் சாமி நிலத்தைப் பாத்துக்கொண்டு கிடக்கும். மேலை நாங்கள் நிப்பம்."

"அப்ப நீங்களே ஒரு வழி சொல்லுங்கோ அண்ணை," என்று மருமகன் சினந்தார்.

வழியை நான் சொன்னேன். எழுத்து விளிம்போரம்தான் இருந்தது. ஐந்து அங்குலத்தை வெட்டி எடுத்தால் மிச்சம் பத்தொன்பது அங்குல அகலம். ஒரு மனிதரின் பாதம் பன்னிரண்டு அங்குலத்துக்குமேல் இல்லை. நிற்கப் போதும். அளவுகோலையும் கம்பளம் வெட்டும் கத்தியையும் கொண்டுவரச் சொன்னேன். சாரதி கத்தியை எடுப்பதற்கு முன் போய்க் கைகழுவிவிட்டு வந்தார். எழுத்தில் கத்தி படக்கூடாது என்பது அவருடைய நிபந்தனை. ஆகவே எழுத்துக்கு அரை அங்குலம் மேலே நான் வெள்ளைச் சோக்கால் கோடு போட்டேன், அவர் வெட்டினார். ரப்பர் தடிப்பானது. ஒரு விரிப்புக்கு நான்கு தடவை இழுக்க வேண்டும். இருநூற்றைம்பத்தாறு இழுவை. மூன்று நாள் பிடித்தது, ஒன்பது கத்தி அலகு தேய்ந்தது. இரண்டாம் நாள் அவருடைய உள்ளங்கையில் தோல் உரிந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு வெட்டினார்.

வெட்டிய துண்டுகளை என்ன செய்வது என்று மகள் கேட்டாள். குப்பையில் போட முடியாது என்பதில் மட்டும் எல்லோருக்கும் ஒரே கருத்து. ஸ்டோரின் மேல் தட்டில், தலைக்கு மேல், பத்துப் பத்தாக அடுக்கினேன். ஆறு அடுக்கும் நான்கு துண்டும். ஒன்றும் குறையவில்லை.

இரவில் எனக்கு நித்திரை சரியாக வரவில்லை என்பதை ஒத்துக்கொள்கிறேன். விரிப்புகளின் ஒரு பக்கம் தொழிற்சாலை விளிம்பு, வழவழப்பாக. மற்றப் பக்கம் எங்கள் வெட்டு. எவ்வளவு கவனமாக வெட்டியும் சற்று அலைபோல் இருந்தது. கூர்ந்து பார்ப்பவருக்குத் தெரியும். ஏழு கடை வைத்திருப்பவர் கூர்ந்து பார்ப்பவர்.

வெள்ளிக்கிழமை காலை நானும் சாரதியும் மனோர் பார்க் போனோம். சுரங்கப் பாதையில் வாகனங்கள் நின்று நின்று போயின. சாரதி முன்னால் பார்த்தபடி சொன்னார்:

"ஐயா, கேட்டால் அப்பிடித்தான் செய்து வந்ததெண்டு சொல்லுங்கோ. அந்த மனிசன் பக்திமான். கால்மிதியிலை சாமி பேர் அடிச்சனாங்கள் எண்டு கேட்டால் இண்டைக்கே கணக்கை முடிப்பார்."

"பாப்பம்."

"பாப்பம் எண்டு சொல்லாதேங்கோ. என்ரை வேலை ஐயா."

முதலாளி தன் முதற்கடையில் நின்றார். அறுபது வயது இருக்கும். நெற்றியில் மூன்று குறி விபூதி, சட்டைப் பையில் இரண்டு பேனா. சாரதி விரிப்புகளை இறக்கி வாசலில் அடுக்கினார். நான் முன்பு பார்த்த அதே கவுண்டர்ப் பெண், யாரும் சொல்லாமலே ஒன்றை இழுத்துக்கொண்டு போய், வாழைப்பழ மட்டையைக் காலால் தள்ளிவிட்டு, விரித்து ஏறி நின்றாள்.

"என்ன அண்ணை," என்றார் முதலாளி என்னைப் பார்த்து. "மற்றக் கொம்பனியள் நத்தாருக்குப் போத்தில் கொண்டு வருவினம். நீங்கள் கால்மிதி கொண்டு வந்திருக்கிறியள்."

"போத்தில் ஒராளுக்குத் தம்பி. இது இருபத்து மூண்டு பேருக்கு."

"என்னெண்டு இருபத்து மூண்டு?"

"உங்கடை கவுண்டரெல்லாம் எண்ணினனான்."

"எப்ப?"

"இப்ப கொஞ்ச நாளைக்கு முந்தி. ஏழு கடைக்கும் போனனான்."

"அப்ப கறிவேப்பிலை வாங்குறதுக்கு ஒரு வயசாளி வந்து மணித்தியாலக் கணக்கா நிண்டதெண்டு பிள்ளையள் சொன்னது உங்களையோ? நான் சுகாதாரம் பாக்கிற கவுன்சில் ஆள் எண்டு நினைச்சுக் குளிர்ப்பெட்டியெல்லாம் கழுவிப் போட்டன்."

கவுண்டர்ப் பெண் சிரித்தாள். முதலாளி சிரிக்கவில்லை. குனிந்து ஒரு விரிப்பை எடுத்தார். ஒரு விளிம்பைத் தடவினார். மற்ற விளிம்பைத் தடவினார். அங்கே விரல் நின்றது.

"இதென்ன, வெட்டின துண்டோ? எங்கேயோ மிஞ்சினதைக் கொண்டு வந்து தாறியளோ?"

சாரதி என்னைப் பார்த்தார். அவருடைய கையில் அந்தத் துணி இன்னும் சுற்றியிருந்தது. அப்படித்தான் செய்து வந்தது என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. ஆனால் நல்ல சாமானை மட்டச் சாமான் என்று அவர் நினைத்தால் அதனாலும் நாங்கள் தோற்போம். இரண்டு பக்கமும் நட்டம் என்றால், உண்மையைச் சொல்லிவிட்டுத் தோற்பது எனக்கு வசதி. நான் சொன்னேன். பெயர் அடித்ததை, ஆறு கண்களும் பார்க்காமல் விட்டதை, சாரதி சப்பாத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சுற்றி நடந்ததை, எழுத்தில் படாமல் அரை அங்குலம் தள்ளி வெட்டியதை. எதையும் விடவில்லை.

முதலாளி சாரதியின் கையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"துண்டுகள் எங்கை? குப்பையிலையோ?"

"மேல் தட்டிலை. அறுபத்து நாலும் கிடக்கு. எண்ணி வைச்சிருக்கிறன்."

அவர் கையிலிருந்த விரிப்பைத் திரும்ப அடுக்கின் மேல் வைத்தார். கடையில் கூட்டம் இருந்தது. கவுண்டர்ப் பெண் தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"அண்ணை, திருப்பிக் குடுக்கப் போறியளெண்டால் மற்றக் கடையளின்ரையைக் குடுங்கோ. நான் ஏறி நிண்டிட்டன். இனி இறங்க ஏலாது."

"நீ சும்மா இரு பிள்ளை," என்றார் முதலாளி. சொல்லிக்கொண்டே அவள் பக்கம் திரும்பியவர் அப்படியே நின்றுவிட்டார். அவள் ஒரு வாடிக்கையாளருக்கு ஆட்டிறைச்சியும் மீனும் பையில் போட்டுக்கொண்டிருந்தாள். நாங்கள் அச்சடித்துக் கொடுத்த பை. அதில் அவருடைய கடையின் பெயர், அதுவும் ஒரு சாமி பெயர், அதற்கு மேலே சாமியின் படம். மீனின் ஈரம் படத்தில் கசிந்திருந்தது.

"உதிலை ஒரு பை தா," என்றார்.

வெறும் பை ஒன்றை வாங்கி இரண்டு கையாலும் விரித்துப் பிடித்தார்.

"இதை எத்தினை வரியமா அடிச்சுத் தாறியள்?"

"ஆறு வரியம்."

"வரியத்துக்கு எத்தினை?"

அது எனக்குத் தெரியும். "போன வரியம் மூண்டு லட்சத்துப் பதினெண்ணாயிரம்."

"மூண்டு லட்சம்," என்றார். "இறைச்சியோடை, மீனோடை. பிறகு பஸ்ஸிலை காலுக்குக் கீழை. பிறகு வீட்டுக் குப்பைக்கு." பையை நாலாக மடித்துச் சட்டைப் பையில் பேனாக்களுக்குப் பக்கத்தில் வைத்தார். "நீங்கள் அறுபத்து நாலுக்கு இந்தப் பாடு பட்டிருக்கிறியள். எனக்கு இவ்வளவு நாளும் ஒருத்தரும் சொல்லேல்லை."

இங்கே நான் பயந்தேன். பை அடித்தது நாங்கள். சொல்லாமல் விட்டதும் நாங்கள்.

"எங்கடை கண்ணிலையும் படேல்லைத் தம்பி. சொல்லியிருக்க வேணும்."

"மற்றக் கொம்பனிக்காரன் போன கிழமை வந்தவன். தங்களட்டை எடுத்தால் சாமிக்குப் பொன் நிறம் போட்டுத் தாறன், அது இலவசம் எண்டவன்." அவர் முதல் தடவையாகச் சிரித்தார், ஆனால் அது நல்ல சிரிப்பாக இல்லை. "உங்கடை மருமகனைத் தை பிறக்க வரச் சொல்லுங்கோ. துடக்குக் கழிச்சுப் போட்டு வரட்டும்."

அவ்வளவுதான். ஆமென்றும் இல்லை, இல்லையென்றும் இல்லை. மற்ற ஆறு கடைகளுக்கும் விரிப்புகளைக் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். சுரங்கப் பாதையைக் கடந்த பிறகு சாரதி கேட்டார்:

"என்ரை கையை ஏன் ஐயா காட்டினீங்கள்?"

"நான் காட்டேல்லை. அவர் பாத்தவர்."

"நீங்கள் சப்பாத்துக் கதையைச் சொல்லாமல் விட்டிருக்கலாம். அந்தப் பிள்ளை என்னைப் பாத்துச் சிரிச்சது."

நத்தார் முடிந்தது. துடக்கும் கழிந்தது. மற்ற நாற்பது விரிப்புகளையும் உரியவர்களிடம் கொடுத்துவிட்டோம். டூட்டிங்கில் கொத்துரொட்டி போடுபவர் ஒருவர் தன் முதலாளியிடம் சொல்லிச் சம்மதம் வாங்கி, இன்னும் இரண்டு வேண்டும் என்று எங்களுக்குத் தொலைபேசி எடுத்தார். நான் எதிர்பார்த்ததுதான். ஆனால் மனோர் பார்க்கிலிருந்து பதினேழு நாள் ஒரு சத்தமும் இல்லை. இந்த நாட்களில் சாரதி ஒவ்வொரு மாலையும் வானைக் கழுவினார். குளிர்காலத்தில் யாரும் வானைத் தினமும் கழுவுவதில்லை.

பதினெட்டாம் நாள் மருமகன் அங்கே போனார். மத்தியானம் காரிலிருந்து எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

"மாமா, அஞ்சு கடை."

"ஏழிலை அஞ்சோ? மிச்சம் ரெண்டு?"

"அது அவரும் மச்சானும் பங்காப் போட்ட கடையள். மச்சானுக்குப் பொன் நிறம்தான் வேணுமாம். மற்ற அஞ்சுக்கும் புதுப் பை. படமும் வேண்டாமாம், பேரும் வேண்டாமாம். பச்சை நிறத்திலை தெருவின்ரை பேர் மட்டும். மூண்டு வரியத்துக்கு எழுதித் தந்திட்டார்."

ஐந்து கடை என்றால் கிழக்குக்கு வாரத்தில் இரண்டு நாள் போதும். முன்பு மூன்று நாள். ஒரு நாள் மிஞ்சுகிறது. டூட்டிங் பக்கத்துச் சாமான்களை மருமகன் இவ்வளவு நாளும் தன் காரில் ஆறேழு தடவையாக ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். அந்த வேலை வானுக்கு வரவேண்டும் என்று நான் அப்போதே தொலைபேசியில் சொல்லி, அவரை ஒப்புக்கொள்ள வைத்து, அதன் பிறகுதான் வைத்தேன்.

ஸ்டோரில் சாரதி பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். நான் உள்ளே போனதும் கையை நிறுத்தினார்.

"செவ்வாயும் வெள்ளியும் கிழக்கு," என்றேன். "வியாழன் டூட்டிங். உமக்கு வேலை இருக்கு."

அவர் தலையைக் குனிந்துகொண்டு கையிலிருந்த பெட்டியை அடுக்கில் வைத்தார். அது கோணலாக இருந்தது, நேராக்கினார். பிறகு மூக்கை உறிஞ்சிவிட்டு, வழக்கமான குரலில் சொன்னார்:

"டூட்டிங்கிலை வான் நிப்பாட்ட ஒரு இடமும் இல்லை ஐயா. வியாழக்கிழமையிலை ஏலவே ஏலாது."

அது தவறான தகவல். அடுத்த வியாழக்கிழமை காலை நான் போய்ப் பெரிய தெருவை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை நடந்து எண்ணினேன். ஏழு மணிக்கு முன் போனால் நான்கு இடங்கள் இருக்கின்றன.